ஸ்வெட்டருக்குள் இருந்த துப்பாக்கி

துப்பாக்கி ரிப்பேர் வேலையைக் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள எங்கே போக வேண்டும்? இந்த ஒரு கேள்வியைக் கனகமணி ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் கையைப் பார்த்தார்கள், அதற்கும் அப்புறம், "உங்களுக்கா, வேற ஆருக்காச்சுமுங்களா?" என்றார்கள்.

அவளுக்குத்தான். வயது முப்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில், ஐந்து வீட்டு லைனில் கடைசி வீடு. அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரே தம்பி சரத் பெங்களூரில். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு, குன்னூரில் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் டீ ஃபேக்டரி ரோலர்களுக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தாள். இலையை அரைக்கிற அந்த ரோலரின் பல் மழுங்கினால் தூள் கெட்டுவிடும். கூர் சரியாக இருக்கிறதா என்று மற்றவர்கள் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். கனகமணி கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை வருடுவாள், அவ்வளவுதான்.

அந்தப் பட்டறைக்கு ஒருநாள் எமரால்டு என்கிற ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். காட்டுப்பன்றி விரட்டுகிற ஒற்றைக்குழல் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். குழலை மடக்கித் தோட்டா போட்டு நிமிர்த்தினால் பூட்டு விழவில்லை. பட்டறைக்காரர் சாக்கைப் பாதிக்குமேல் பிரிக்க விடவில்லை.

"ஏனுங்க, இதையெல்லாம் நான் தொட்டா என்னையப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. லைசென்ஸ் இருக்கற கடைக்குக் கோயமுத்தூர் எடுத்துட்டுப் போங்கோ."

"கோயமுத்தூர் போயி வாரதுக்குள்ள பன்னி என்ற காட்டை உழுது முடிச்சுருமுங்க."

அதற்குள் கனகமணி பார்த்துவிட்டாள். மடிப்பில் ஒரு முள் தேய்ந்திருந்தது. கால் நூல் அளவுக்குக்கூட இருக்காது. பத்து நிமிட வேலை. அவர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். கனகமணிக்கு அன்று முழுக்க விரல் நுனி அரித்தது. அந்த முள்ளை அவளால் மறக்கவே முடியவில்லை. மறக்க வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

அடுத்த வருடம் பட்டறை மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப்போனது, அவள் வேலையும் போனது. அப்போதுதான் கேட்க ஆரம்பித்தாள். ஐ.டி.ஐ. வாத்தியார், அப்படி ஒரு பாடமே இல்லை என்றார். வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்க்கிற பக்கத்துத் தெருக்காரர், அப்ரண்டீஸ் வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது என்று சொல்லி, பாவம், தானே வெட்கப்பட்டுக்கொண்டார். வடக்கே ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டால் இந்தியில் நீளமாகப் பேசினார்கள். அவளுக்குப் புரிந்தது போலீஸ் என்ற ஒரு சொல்தான். போலீஸ்காரர்களுக்கு மட்டும் சொல்லித்தருகிற இடமாம். கோயம்புத்தூர்க் கடைக்காரர் ஒருவர், "ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஆறே வாரத்தில் வீடியோவிலேயே சொல்லித்தந்து சர்டிபிகேட்டும் அனுப்புகிறோம் என்று செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. வீடியோவில் வருகிற ஸ்பிரிங் விரலைக் கிள்ளுமா? கிள்ளாமல் எப்படிக் கற்றுக்கொள்வது?

கடைசியில்தான் ஊட்டிக்குப் போனாள். மார்க்கெட்டுக்கு மேலே ஏறுகிற சந்தில் நஞ்சப்பனின் கடை. அவனுக்கு முப்பத்துமூன்று வயதுதான், அவளைவிடச் சின்னவன். அப்பா விட்டுப்போன துப்பாக்கிக் கடை. முன்பக்கத்தில் டார்ச் லைட்டும் ரெயின்கோட்டும் விற்பனைக்குத் தொங்கும். பின்பக்கம் கம்பிக்கதவு போட்ட அறை.

"அக்கா, வருசத்துக்குப் பத்து ரிப்பேர் வந்தாப் பெருசுங்க. ரெண்டாவது ஆளுக்கு இங்க வேலையே இல்ல."

"எலெக்சன் வருதில்லீங்க?"

நஞ்சப்பன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட வேண்டும். பாதிப் பேர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பார்கள். பாதிப் பேர் லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். ஓட்டு எண்ணி முடிகிற வரைக்கும் இரண்டு, இரண்டரை மாதம் அங்கேயேதான் கிடக்கும்.

"அறுபது துப்பாக்கியாச்சும் வருமுங்க. இந்த ஈரத்துல அத்தனையையும் ரெண்டு வாரத்துக்கொருக்கா தொடைச்சு எண்ணெய் போடோணும். உங்க ஒருத்தர் கையில ஆகாதுங்க" என்றாள் கனகமணி.

"ஆருங்க்கா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"ஆரும் சொல்லலீங்க. சொல்லிக் குடுக்கறதுக்கு ஆளிருந்தா நான் எதுக்கு இங்க வாரன்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கண்டிப்பானவன். இரண்டு விஷயம் சொன்னான். "லைசென்ஸ் என்ற பேர்ல இருக்குது. நான் கடையில இருந்தாத்தான் கம்பிக்கதவு தெறந்திருக்கும். நான் வெளிய போனாப் பூட்டிட்டுப் போயிருவன், நீங்க முன்னால உக்காந்துக்கோங்க. ரெண்டாவது, துப்பாக்கியை வெறுமனேதான் வாங்கோணும். சாக்கு, துணி, கம்பளி, எதுல சுத்திட்டு வந்தாலும் அதை அவிய கையிலயே குடுத்துருங்க. உள்ள வரக் கூடாது."

"சரிங்க."

"எல்லாத் துப்பாக்கியும் திரும்பிப் போறப்ப ஒருத்தரும் புகார் சொல்லாம வாங்கிட்டுப் போனாங்கன்னா, இவங்க கை வேலை தெரிஞ்ச கைன்னு லெட்டர்பேடுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறன். அதை வெச்சு நீங்களே லைசென்ஸ் கேட்டு எழுதிப் போடலாம்."

அந்தக் கடிதம்தான் அவளுக்கு வேண்டியது. அது இருந்தால் கேத்தியிலோ எமரால்டிலோ ஒரு மேசை போட்டு உட்காரலாம். இல்லாவிட்டால் என்ன என்பதைச் சரத் முன்பே சொல்லிவைத்திருந்தான். "ஜூன் வரைக்கும் பாருக்கா. ஆகலீன்னா ஊட்டைப் பூட்டிட்டு இங்க வந்துரு. பசங்களைப் பாத்துக்க ஆளில்லாம நாங்க கெடந்து தவிக்கறோம்." சரி என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். தம்பி நல்லவன்தான். ஆனால் அந்த வீட்டில் அவள் கைக்கு அரம் வேண்டியிருக்காது.

மார்ச்சில் துப்பாக்கிகள் வர ஆரம்பித்தன. சாக்கில் சுற்றி, தலையணை உறையில் போட்டு, பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி. நஞ்சப்பன் முன்னால் உட்கார்ந்து பதிவேட்டில் எழுத, கனகமணி ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியைத் திருப்பிக் கொடுத்து, அட்டை கட்டி உள்ளே சாத்தினாள். நாற்பதுக்கு மேல் அப்படித்தான் சரியாக வாங்கினாள்.

அந்த மாதம் ஒருநாள் வரிசையின் கடைசியில் சுசீலா நின்றிருந்தாள். கேத்தியில் கேரட் போடுகிறவள், ஐம்பது வயது இருக்கும். அவள் மார்போடு அணைத்திருந்த துப்பாக்கிமேல் காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர். ஸ்வெட்டரின் கைகள் இரண்டையும் குழலைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"அக்கா, துணியை எடுத்துக் குடுத்துடறன், நீங்களே வெச்சுக்கோங்க."

"இது துணியா அம்மிணி?" என்றாள் சுசீலா. "அவரு போட்டுட்டிருந்தது. போயி ரெண்டு வருசமாச்சு. லைசென்ஸை என்ற பேருக்கு மாத்தினப்பறம் துப்பாக்கிய இதுலதான் வெச்சிருக்கறன். நானே பின்னினது. வெறுமனே வெச்சாக் குளுந்துரும் கண்ணு."

"இரும்புக்குக் குளிருமுங்களா?"

"உனக்கென்ன தெரியும்? ஊட்ல ஆரு இருக்காங்க உனக்கு?"

கனகமணியின் கை கம்பளிமேல் நின்றது. அம்மா போன பதினாறாம் நாளே சரத் அம்மாவின் ஸ்வெட்டர், சால்வை எல்லாவற்றையும் ஒரு ஆசிரமத்துக்கு அனுப்பிவிட்டான். நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். அவளுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நஞ்சப்பன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். கனகமணி ஸ்வெட்டரோடு துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்க் கடைசித் தட்டில், ரெயின்கோட் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள். அறுபத்திரண்டில் அது நாற்பத்தேழாவது.

வேலை கற்றுக்கொள்வது என்றால் என்ன என்று அதன் பிறகுதான் தெரிந்தது. நஞ்சப்பன் இருக்கிற நேரத்தில் கம்பிக்கதவு திறக்கும். அவள் ஒரு துப்பாக்கியை எடுத்துக் குழலைக் கழற்றுவாள், உள்ளே துணி விட்டு இழுப்பாள், எண்ணெய் தடவுவாள், மாட்டுவாள். பூட்டைப் பிரித்து அடுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் சேர்ப்பாள். ஸ்பிரிங் கிள்ளியது, நகம் கறுத்தது. எந்த ட்ரிகர் எந்த இடத்தில் இளகும் என்று விரலுக்குப் பழகியது. தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற ஊசி உடைந்துவிடும் என்பதால், மரத்தில் பொய்த் தோட்டா செய்யச் சொன்னான். சில்வர் ஓக் கட்டையில் இருபத்திரண்டு செய்தாள். இருபத்திரண்டாவதுதான் அவன் ஒத்துக்கொண்டது.

நஞ்சப்பன் இல்லாத நேரம்தான் அதிகம். கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், சாப்பாட்டுக்கு மாடி வீடு. அப்போதெல்லாம் பூட்டிய கம்பிக்கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் மரத்தை அராவுவாள். சீசன் நேரம். சந்துக்குக் கீழே ஊர் கொள்ளாத கூட்டம். ஹாரன் சத்தம், வர்க்கி பிஸ்கட் வாசனை, தொப்பி விற்கிறவர்களின் கூப்பாடு. அவளிடம் வந்து பேசுகிறவர்கள் சுற்றுலாக்காரர்கள் மட்டும்தான்.

"அக்கா, ஒரு துப்பாக்கி எடுத்துக் குடுங்க, ஒரே ஒரு செல்ஃபி!"

"குடுத்தா உங்களை ஜெயில்லதானுங்க போட்டோ எடுப்பாங்க."

"அப்ப உங்களை எதுக்கு இங்க உக்கார வெச்சிருக்காங்க?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அந்தக் கேள்வி மட்டும் சாயங்காலம் வரைக்கும் அவள்கூடவே உட்கார்ந்திருந்தது.

லைனிலும் அப்படித்தான். முதல் வீட்டுத் தெய்வம்மா முன்பெல்லாம் ஊறுகாய் போட்டால் கனகமணிக்கு ஒரு கிண்ணம் வரும். ஏப்ரலில் ஒருநாள் குழாயடியில் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, உன்ற ஊட்ல துப்பாக்கி இருக்குதாமா?"

"இல்லீங்க்கா. கடையில இருக்கறது. கடைய உட்டு ஒண்ணும் வெளிய வராது."

"கையில ஒரு மாதிரி எண்ணெய் வாசம் அடிக்குது, அதான் கேட்டன்." குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு கிண்ணம் வரவில்லை. குழந்தைகள் கடைசி வீட்டு வாசலில் விளையாடுவதும் நின்றது. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் ஐந்து கதவுகளும் மூடியிருக்கும். ஐந்தாவதை அவளே திறந்துகொள்ள வேண்டும்.

மே மாதம் பாதியில் நஞ்சப்பனுக்கு அலைச்சல் கூடியது. அதுவரை நாற்பத்தேழாவதை அவன் முன்பக்கம் இருக்கும்போது துடைத்து, ஸ்வெட்டரையே திரும்பச் சுற்றிவைத்திருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடைக்கிற வேலையில் கடைசித் தட்டு ஒருமுறை விட்டுப்போனது. அந்த வருடம் மழையும் முந்திக்கொண்டது. பன்னிரண்டு நாள் மூடுபனி கடைக்குள்ளேயே வந்து நின்றது.

ஓட்டு எண்ணி முடிந்தது. வியாழக்கிழமை எல்லோரும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கனகமணி கடைசித் தட்டுக்கு வந்தாள். ஸ்வெட்டரின் கைகளை அவிழ்த்தாள்.

குழல் முழுக்கச் சிவப்பு. வெறும் சிவப்பில்லை. ஸ்வெட்டர் பின்னல் அப்படியே குழல்மேல் துருவாகப் பதிந்திருந்தது. வரிசை வரிசையாகக் கண்ணிகள், முனையில் கைப்பட்டியின் கோடுகள்கூட. கம்பளி ஈரத்தைக் குடித்துக் குடித்து வைத்திருந்தது. எத்தனையோ வருடம் ஒரு மனிதன் அதைப் போட்டுக்கொண்டு கேரட் காட்டில் வேர்த்த உப்பும் அதில் இருந்தது.

முன்பக்கம் நஞ்சப்பன் போனில் பேசிக்கொண்டிருந்தான். மேசையில் உப்புத்தாள் இருந்தது. நன்றாகத் தேய்த்தால் கால் மணி நேரத்தில் குழல் வெள்ளி மாதிரி ஆகிவிடும். சுசீலாவுக்கு என்ன தெரியும்? புதுசு மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கூடப் போவாள். மேல்கறுப்பு போன இரும்பு கேத்திப் பனியில் பத்தே நாளில் மறுபடி சிவக்கும். அதற்குள் கடிதம் கைக்கு வந்திருக்கும். கனகமணி இதையெல்லாம் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தாள். தாளைக் கையில்கூட எடுத்தாள்.

பதினோரு வருடம் இரும்போடு இருந்த கை அது. இரும்பில் எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது என்று அந்தக் கைக்குத் தெரியும். தாளைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைக் கொண்டுபோய் நஞ்சப்பன் முன்னால் வைத்தாள்.

அவன் போனை அணைத்தான். குழலைப் பார்த்தான், ஸ்வெட்டரைப் பார்த்தான்.

"எத்தனை தடவை சொன்னனுங்க்கா? வெறும் துப்பாக்கியை வாங்குங்கன்னு ஒரே ஒரு பேச்சு."

"ஆமாங்க."

"அந்தம்மா கேட்டாங்களா?"

"வாங்கி வெச்சது நானுங்க."

"கடுதாசியை மறந்துருங்க."

வீட்டுக்கு வந்து கனகமணி பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள். நாலு புடவை, ரேஷன் கார்டு, அம்மாவின் போட்டோ. அரம் வைக்கிற தோல் பையை உள்ளே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஓரத்தில் செருகினாள்.

வியாழக்கிழமை எல்லோரும் வந்தார்கள். குழலை மடக்கிப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, புகார் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் குழலுக்குள் எட்டிப் பார்த்து, "நான் குடுத்தப்ப இவ்வளவு சுத்தமா இல்லீங்களே, மாத்திட்டீங்களா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். மதியத்துக்குமேல் சுசீலா வந்தாள். நஞ்சப்பன் துப்பாக்கியை அவள் முன்னால் வைத்தான்.

"தப்பு என்னுதுங்க்கா" என்றாள் கனகமணி.

சுசீலா குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. விரலை வைத்துக் கோடு கோடாக எண்ணிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே மட்டும் துரு இல்லாமல் ஒரு பொட்டு இடம்.

"இங்க பாரு அம்மிணி. முழங்கை கிட்ட ஒரு கண்ணி விட்டுட்டன். பிரிச்சுப் போடறன்னு சொன்னதுக்கு அவருதான், உட்டுத் தொலை, காத்து வரட்டும்னாரு." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு நஞ்சப்பன் பக்கம் திரும்பினாள். "அந்தப் புள்ளை வேண்டாம்னுதான் சொல்லுச்சு. நாந்தான் புடிவாதமா குடுத்தன்."

"நீங்க குடுப்பீங்கம்மா. வாங்கக் கூடாதுன்னு தெரிஞ்சது அவங்களுக்குத்தான."

"அது உங்க கடைப் பஞ்சாயத்து. எனக்கு இன்னும் மூணு வாரத்துல கேரட் புடுங்கோணும். பன்னி எறங்க ஆரம்பிச்சாச்சு. இதைச் சரி பண்ணிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"கோயமுத்தூர் அனுப்பினா ரெண்டு மாசம் ஆகுமுங்க. புதுசா நிறம் ஏத்தோணும்."

"நான் பண்றனுங்க" என்றாள் கனகமணி.

நஞ்சப்பன் அவளை முறைத்தான். "எப்படிப் பண்ணுவீங்க? எங்கய்யா பண்ணி மூணு தடவை பார்த்திருக்கன். நானே பண்ணினதில்ல."

"நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. மிச்சத்தைக் கை சொல்லும்."

சுசீலா ஸ்வெட்டரை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "மூணு வாரம். ஒருநாள் தாண்டினா இங்க வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயி எங்காட்டுல பன்னி முடுக்கத் தகரம் தட்ட உட்டுருவன்." போய்விட்டாள்.

அந்த மூன்று வாரத்தில் கனகமணி கற்றதுதான் வேலை. துப்பாக்கிக் குழலின் கறுப்பு பூசுகிற சாயம் இல்லை. குழலைப் பழைய துருவெல்லாம் போகச் சுத்தம் செய்து, மருந்து தடவி, ஈர அறையில் தொங்கவிட்டு, மெல்லிசாகப் புதுத் துரு பிடிக்க வைக்க வேண்டும். அப்புறம் அதைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் சிவப்புத் துரு கறுப்பாக மாறும். மேலே பொடி மாதிரி நிற்பதைத் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி மருந்து, மறுபடி துரு, மறுபடி கொதி. இடையில் வெறும் கை பட்டுவிட்டால் விரல் பிசுக்கு இருக்கிற இடத்தில் நிறமே ஏறாது. குழலின் இரண்டு வாயிலும் அவள் மரக்கட்டையை இழைத்து அடைத்தாள். அந்தக் கட்டையைப் பிடித்துத்தான் தூக்குவது.

குழல் நீளத்துக்கு ஒரு தகரத் தொட்டி வேண்டுமே. அதையும் அவளே வளைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தாள். கடைக்குப் பின்னால் விறகு அடுப்பில் ஏற்றினாள். முதல் தடவை குழாய்த் தண்ணீரில் கொதிக்க வைத்ததும் குழல் திட்டுத் திட்டாக ஆனது.

"அய்யோ, மறந்துட்டன்" என்றான் நஞ்சப்பன். "எங்கய்யா மழைத் தண்ணி புடிச்சு வெப்பாருங்க."

"இதை முன்னாலயே சொல்றதுக்கு என்னங்க?"

"பன்னெண்டு வயசுல பார்த்ததுங்க்கா. எனக்கு அன்னிக்கு ஸ்கூல் லீவு, அதுதான் ஞாபகம் இருக்குது."

முதலிலிருந்து சுரண்டிவிட்டுத் தொடங்கினாள். மழைக்குப் பஞ்சமில்லை. தகரக் கூரை விளிம்பில் குடத்தை வைத்துவிட்டால் அரை மணியில் நிறைந்தது. மூடுபனியில் துருவும் சமமாக, மஞ்சள் பொடி தூவினமாதிரிப் பிடித்தது. துப்பாக்கியைக் கெடுத்த அதே ஈரம்தான்.

"மூணு தடவை கொதிச்சாப் போதும்னு ஞாபகம்" என்றான் அவன்.

"இன்னும் பழுப்பாத்தானுங்க இருக்குது."

"அப்ப உங்க இஷ்டம்."

"என்ற இஷ்டம் என்னங்க இருக்குது? குழல் போதும்னு சொல்லட்டும்."

ஏழாவது தடவைதான் சொன்னது. தொட்டியிலிருந்து தூக்கினபோது ஆவிக்குள்ளிருந்து அது கறுத்து வந்தது. கறுப்பிலும் உள்ளே ஒரு நீலம். நஞ்சப்பன் எண்ணெய்த் துணியை நீட்டினான். வாங்கித் துடைத்தாள். அப்புறம் அவன் மாடிக்குச் சாப்பிடப் போனான், பழக்கம் மாறாமல் கம்பிக்கதவைப் பூட்டிவிட்டு. கனகமணி ஸ்டூலில் உட்கார்ந்து கம்பி வழியாக அந்தக் குழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாயா என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

சுசீலா சொன்ன நாளில் வந்தாள். கையில் மஞ்சப் பையில் மண்ணோடு கேரட். துப்பாக்கியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். மடக்கி நிமிர்த்தினாள், பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு விரலால் குழலைத் தடவிக்கொண்டே போய், முன்பு விரல் நின்ற அதே இடத்தில் நிறுத்தித் தேடினாள்.

"போயிருச்சு" என்றாள். நல்லதா கெட்டதா என்று அவள் சொல்லவில்லை.

நஞ்சப்பன் பதிவேட்டைத் தள்ளினான். "புகார் இருந்தா எழுதுங்கம்மா. நாப்பத்தேழாம் நம்பருக்கு நேர."

"எழுதறதுன்னா என்ற பேரையும் சேத்தி எழுதோணும். தப்பு ரெண்டு பேர்த்துதும்." பேனாவை எடுத்துக் கட்டத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். "இனி வெள்ளைத் துணியில வெச்சுக்கறன். எண்ணெய் எத்தனை நாளைக்கொருக்கா போடோணும்?"

"பதினஞ்சு நாளைக்கொருக்காங்க்கா."

"வந்து பாத்துட்டுப் போ அம்மிணி. கேத்திக்கு எல்லநள்ளியில எறங்கி ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அவள் போன பிறகு நஞ்சப்பன் லெட்டர்பேடை எடுத்தான். எழுதி முடித்து அவளிடம் நீட்டினான். அறுபத்திரண்டு துப்பாக்கிகளைப் பராமரித்தார், பூட்டு வேலையும் ஸ்பிரிங் வேலையும் தெரிந்தவர் என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி. 'ஒரு குழல் இவர் கவனக்குறைவால் துருப்பிடித்தது. அதற்கு மறுபடி நிறம் ஏற்றிக் கொடுத்ததும் இவரே.'

அவள் படிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மனசு கேட்கவில்லை. "முதல் பாதியை எடுத்துடறனுங்க்கா. நெறம் ஏத்தத் தெரியும்னு மட்டும் போட்டுக்கலாம்."

"வேண்டாமுங்க. இருக்கட்டும்."

"கலெக்டர் ஆபீஸ்ல இதைப் படிச்சா கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும். சொல்றன்."

"உங்களுக்கு இந்தப் புடிவாதம் எங்கிருந்துதான் வருதோ" என்று முத்திரையை அழுத்தினான்.

பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீராவி. கடிதத்தைப் பாலித்தீன் கவரில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். மடியில் சுசீலா விட்டுப்போன கேரட் பை. எல்லநள்ளியில் பஸ் நின்றபோது இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் எழுந்தாள். அந்தம்மா இந்நேரம் காட்டில் இருப்பாள் என்று உட்கார்ந்துவிட்டாள்.

லைனில் ஐந்து கதவுகளும் மூடியிருந்தன. தெய்வம்மா வீட்டில் டி.வி. சத்தம். கதவைத் தட்டிக் கேரட்டில் பாதியைக் கொடுத்தாள். "ஏது கண்ணு?" என்றாள் தெய்வம்மா, பாதி திறந்த கதவுக்குள்ளிருந்து. "கேத்தியிலிருந்துங்க்கா. வேலைக்குக் குடுத்தது." தெய்வம்மா வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை உடனே சாத்தவும் இல்லை.

வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டுச் சரத்துக்குப் போன் அடித்தாள்.

"அக்கா, மீட்டிங்ல இருக்கறன். பெட்டி கட்டியாச்சா?"

"கடுதாசி குடுத்துட்டாங்கடா."

"எந்தக் கடுதாசி? சரி சரி, போட்டோ எடுத்து அனுப்பு, பாக்கறன்."

மேசைமேல் கடிதத்தை விரித்துப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கீழே இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. பார்த்துவிட்டான். பதில் வருமென்று அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

டீயைக் குடித்துவிட்டுக் கடிதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள், கடைசி வரி உட்பட. பிறகு பெட்டியைத் திறந்தாள். புடவைகளை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, ஓரத்தில் செருகியிருந்த அரப் பையை மட்டும் எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தாள். அம்மாவின் போட்டோவை எடுத்துச் சுவரில் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.